மூக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீட்டில் நோயாளியைப் பேணுதல்

(மஹல்லா மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாங்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். எங்கள் மகனுக்கு மூக்கில் அறுவைச் சிகிச்சை நடந்தபின் அவனை வீட்டில் வைத்துப் பேணிய தாயும் தந்தையுமே நாங்கள். இக்கூட்டத்தில் பேசுமாறு நிர்வாகத்தினர் கேட்டபோது முதலில் தயங்கினோம். ஏனெனில், சொல்ல வேண்டியவற்றுள் எங்கள் தவறும் ஒன்று. ஆயினும், எங்களுக்கு நேர்ந்தது இந்த மஹல்லாவில் மற்றொரு வீட்டுக்கு நேரக்கூடாது என்பதால் இருவரும் சேர்ந்து குறிப்புகளை எழுதினோம். மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் அவற்றோடு சேர்த்துள்ளோம். ஒவ்வொருவருக்கும் உரிய அறிவுரையை அவரவர் மருத்துவரே தர இயலும் என்பதை மனத்தில் கொண்டு இதனைக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

நமது பகுதியும் மூக்கும்

குண்டடம் பல்லடத்திற்கும் தாராபுரத்திற்கும் இடையே அமைந்த வறண்ட பூமி. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஆனி, ஆடி மாதங்களில் நம் ஊரைச் சுற்றியுள்ள காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்று புழுதியையும் நம் வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. நம் பிள்ளைகளில் பலர் நூற்பாலைகளிலும், விசைத்தறிக் கூடங்களிலும், திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பணியாற்றுகின்றனர். அங்கே பஞ்சுத் துகளும் துணித் துகளும் நாள் முழுவதும் மிதக்கின்றன. நம்மிடையே தும்மலும், மூக்கடைப்பும், தலைப்பாரமும் இல்லாத வீடுகள் சிலவே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூக்குத் தண்டு வளைவு என்று நாம் கூறும் குறை தூசியால் உண்டாவதன்று. பலருக்கு அது வளர்ச்சியிலேயே அமைகிறது; சிலருக்கு அடிபட்டதால் ஏற்படுகிறது. இலேசான வளைவு பெரும்பாலோர்க்கு உண்டு. அதனால் அவர்களுக்குத் துன்பம் இல்லை. ஏற்கெனவே குறுகிய வழியில் தூசியும் ஒவ்வாமையும் சேர்ந்து வீக்கத்தை உண்டாக்கும்போதுதான் தொல்லை பெருகுகிறது. மூக்கினுள் சதை வளர்ச்சியும், முகத்தெலும்பின் அறைகளில் நீர் கோத்துக்கொள்ளும் சைனஸ் நோயும் சேர்ந்தால் மருந்து மட்டும் போதாத நிலை சிலருக்கு வருகிறது.

எங்கள் மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் பிரிவில் பணிபுரிகிறான். பள்ளிக் காலம் தொட்டே வாயால் மூச்சு விட்டு உறங்குபவன். மருந்துக் கடையில் கிடைக்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஆண்டுக்கணக்கில் தானாகவே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். அத்தகைய மருந்துகளைத் தொடர்ந்து ஒரு வாரத்திற்கு மேல் பயன்படுத்தினால், மருந்தின் வேகம் தணிந்ததும் வீக்கம் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும் என்று மருத்துவர் கூறியபோதுதான் எங்களுக்கு விளங்கிற்று. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபின், தண்டு வளைவைச் சீர்செய்து சைனஸ் வழிகளையும் திறந்துவிட முடிவு செய்யப்பட்டது.

சிகிச்சை பற்றிச் சில சொற்கள்

மூக்கில் கத்தி வைப்பது என்றதும் வீட்டுப் பெண்கள் அஞ்சினர். இது புதிய துறை அன்று. பண்டைய இந்திய மருத்துவரான சுசுருதர், சிதைந்த மூக்கைச் சதையால் சீரமைக்கும் முறையை விவரித்தவர். மூச்சு வழி அடைபடாதிருக்க நாசித் துளைகளில் இரு குழல்களை வைக்கவும் சொன்னவர். ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரை அடுத்து வாழ்ந்து 1013ஆம் ஆண்டளவில் மறைந்த மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் தம் 30 பகுதிகள் கொண்ட நூலின் இறுதிப் பகுதியில், மூக்கில் வளரும் சதையைக் கொக்கியால் பற்றி அகற்றும் முறையை எழுதினார். நோயாளியை வெயிலை நோக்கி அமர்த்தி, கதிரவன் ஒளியில் நாசியைத் திறந்து பார்த்துச் செய்த சிகிச்சை அது. எஞ்சிய சதையை அகற்ற முடிச்சுகள் இட்ட நூலை மூக்கு வழியே செலுத்தித் தொண்டை வழியே எடுக்கும் முறையையும் அவர் கூறியுள்ளார்.

இன்று கதிரவன் ஒளிக்குப் பதிலாக எண்டோஸ்கோப் என்னும் மெல்லிய ஒளிக்குழாய் உள்ளது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் என்ற மருத்துவர் 1970களில் இக்குழாய் கொண்டு சைனஸ் வழிகளை ஆராய்ந்தார். அதன் அடிப்படையில் 1980களில் இச்சிகிச்சை உலகெங்கும் பரவியது. முகத்தில் வெளிக்காயம் இல்லை. தையல் வெளியே தெரிவதில்லை. பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவர்.

நாங்கள் ஏமாந்த இடம் இதுவேயாகும். வெளியே காயம் தெரியாததால், உள்ளே காயம் இருப்பதை நாங்கள் மறந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்த முதல் நாட்கள்

சிகிச்சை முடிந்ததும் இரத்தம் கசியாதிருக்க இரு நாசிகளிலும் அடைப்பு வைத்தனர். மறுநாள் அதனை எடுத்துவிட்டுத் தண்டு நேராக நிற்க உள்ளே மெல்லிய சிலிக்கான் தகடுகளை மட்டும் விட்டுவைத்தனர். அடைப்பு இருந்த இரவுதான் நோயாளிக்கு மிகக் கடினமான இரவு. மூச்சு முழுவதும் வாயால் விட வேண்டும். நாவும் உதடும் தொண்டையும் வறண்டுவிடும். எச்சிலை விழுங்கினால் காது அடைக்கும். சிறிது சிறிதாக நீர் பருகச் செய்வதும், உதட்டில் வாசலின் தடவுவதும், அருகில் ஒருவர் விழித்திருப்பதும் பேருதவியாகும்.

வீட்டில் நாங்கள் கடைப்பிடித்தவற்றைக் கூறுகிறோம். தலையைத் தட்டையாக வைத்துப் படுக்கவிடாமல், இரண்டு மூன்று தலையணைகளை வைத்துச் சாய்ந்து உறங்கச் செய்தோம். தலை உயர்ந்திருந்தால் மூக்கின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் குறையும், வீக்கமும் குறையும். சூடான உணவையும் சூடான குளியலையும் முதல் வாரத்தில் தவிர்த்தோம். இட்லி, ரசம் சாதம், கஞ்சி, தயிர் ஆகியவற்றை ஆறவைத்துக் கொடுத்தோம். மலச்சிக்கல் வந்து முக்கினால் மூக்கில் இரத்தம் கசியக்கூடும் என்பதால் கீரையும், வாழைப்பழமும், போதிய நீரும் கொடுத்தோம். வலிக்கு மருத்துவர் எழுதிய மாத்திரையைத் தவிர வேறெதுவும் தரவில்லை. ஆஸ்பிரின் போன்ற சில மாத்திரைகள் இரத்தம் உறைவதைத் தடுக்கும். ஆகவே, கடையில் ‘தலைவலி மாத்திரை’ என்று பொதுவாகக் கேட்டு வாங்குவது ஆபத்தாகும். இதய நோய்க்காக அம்மாத்திரையை உட்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் தாமாக நிறுத்துவதும் கூடாது.

சமையலறையில் வரமிளகாய் தாளிக்கும் நெடி, சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, பீடி, சிகரெட், அத்தர் ஆகிய அனைத்தையும் வீட்டுக்கு வெளியே நிறுத்தினோம். தும்மல் வந்தே தீரும்போது வாயைத் திறந்து தும்மச் சொன்னோம். வாயை மூடித் தும்மினால் அந்த விசை முழுவதும் மூக்கின் புண்ணைத் தாக்கும். இதே காரணத்தால் இரண்டு வாரம் வரை மூக்கைச் சிந்தக்கூடாது.

முதல் சில நாட்களில் இளஞ்சிவப்பாகச் சிறிது நீர் வடிவது இயல்பு. மூக்கின் கீழ் மெல்லிய துணி மடிப்பு ஒன்றைக் கட்டி, அது எத்தனை முறை நனைந்தது என்பதைக் குறித்து வைத்தோம். இரண்டாம் வாரத்தில், “சிகிச்சைக்கு முன்பே மேல் போலிருக்கிறதே, அடைப்பு அதிகமாகிவிட்டதே” என்று மகன் மனம் தளர்ந்தான். அதுவும் இயல்பே. உள்ளே வீக்கமும் உறைந்த பொருக்கும் இருக்கும்வரை அடைப்பு நீங்காது. மணமும் சுவையும் திரும்பச் சில வாரங்கள் ஆகும். உட்புறம் முழுமையாக ஆற மூன்று மாதங்கள் வரை ஆகலாம்.

எங்கள் தவறு

ஏழாம் நாள் மருத்துவர் தகடுகளை எடுத்து, உள்ளே சுத்தம் செய்து, “நன்றாக ஆறி வருகிறது” என்றார். இரண்டு வாரம் முடியும்வரை குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தூசியுள்ள இடத்துக்குப் போகக்கூடாது என்றும் சொன்னார். முதல் வாக்கியத்தை நாங்கள் கேட்டோம். இரண்டாவது வாக்கியத்தைக் காதில் வாங்கவில்லை.

அன்று மாலை கம்பெனியிலிருந்து தொலைபேசி வந்தது. ஏற்றுமதிச் சரக்கு அனுப்ப வேண்டிய வாரம் அது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, “வர இயலுமா?” என்றுதான் கேட்டனர். மகன் விடை சொல்லத் தயங்கினான். பதில் சொன்னவர்கள் நாங்கள். “கத்தி பட்டது மூக்கில்தானே, கைகால் நன்றாகத்தானே இருக்கிறது, நாளை வந்துவிடுவான்” என்று கூறிவிட்டோம். வீட்டில் வாரக் கூலி ஒன்று ஏற்கெனவே குறைந்திருந்தது. சும்மா படுத்திருக்கும் இளைஞனைப் பார்த்து வருவோர் போவோர் கேட்கும் கேள்விகளும் எங்களை உறுத்தின.

மறுநாள் அவன் சென்றான். உடன் பணியாற்றுவோர் சிரமப்படுவதைக் கண்டு ஒரு துணி ரோலைத் தூக்கி மேசையில் வைக்கக் கை கொடுத்தான். இரவு வீடு திரும்பி உணவு அருந்தியபின் ஒரு தும்மல். அதனோடு இரத்தம் கொட்டத் தொடங்கிற்று.

இங்கே இரண்டாவது தவறையும் செய்தோம். நம் வழக்கப்படி அவன் தலையைப் பின்னோக்கிச் சாய்த்துப் பிடித்து, உச்சியில் நீரை ஊற்றினோம். இரத்தம் வெளியே வருவது நின்றதைப் பார்த்து ஆறுதல் அடைந்தோம். உண்மையில் அது நிற்கவில்லை. தொண்டை வழியே வயிற்றுக்குள் சென்றுகொண்டிருந்தது. விழுங்கிய இரத்தம் வயிற்றைப் புரட்டும். சற்று நேரத்தில் அவன் கறுத்த இரத்தமாக வாந்தி எடுத்தான். அந்தக் காட்சியைக் கண்ட தாயின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் எங்கள் கூக்குரலைக் கேட்டுத் தம் காரை எடுத்து வந்தார். மருத்துவமனை சேரும்வரை மகனை நிமிர்ந்து அமரவைத்து, தலையை முன்னோக்கிச் சாய்த்து, வாயில் வரும் இரத்தத்தைத் துப்பச் செய்யுமாறு தொலைபேசியில் மருத்துவர் கூறினார். மீண்டும் அடைப்பு வைத்து இரண்டு நாள் படுக்கவைத்தனர். அல்ஹம்து லில்லாஹ், மேற்கொண்டு தீங்கு ஏதும் நேரவில்லை.

சிகிச்சை முடிந்த ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே இவ்வாறு இரண்டாம் முறை இரத்தம் வருவது உண்டு. புண்ணின் மேல் படிந்த பொருக்கு கழலும் காலம் அது என்று மருத்துவர் விளக்கினார். கிருமித் தொற்று, பாரம் தூக்குதல், தும்மலை அடக்குதல், மூக்கைக் குடைதல் ஆகியன அதற்குத் துணை போகின்றன. நோயாளி ‘நலமாகிவிட்டான்’ என்று வீட்டார் எண்ணத் தொடங்கும் நாட்களும் அவைதாம். எங்கள் மகன் எங்களை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. “நான் வருகிறேன் என்று சொல்லவில்லையே அத்தா” என்று மட்டும் ஒரு நாள் மெல்லச் சொன்னான். ஒரு நாள் கூலிக்கு ஆசைப்பட்டு மேலும் பத்து நாள் கூலியையும், இரண்டாம் முறை மருத்துவமனைச் செலவையும் இழந்தோம் என்பது சிறிய கணக்கு. பிள்ளையின் ஓய்வை அவனிடம் கேளாமலே நாங்கள் விட்டுக்கொடுத்தோம் என்பதே இன்றும் எங்கள் நெஞ்சில் நிற்கிறது.

உப்புநீரும் அதன் தூய்மையும்

மூக்கின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. அவை ஓயாமல் அசைந்து, சளியையும் அதில் ஒட்டிய தூசியையும் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் இவ்விழைகள் சரிவர இயங்குவதில்லை. அதனால் சளியும் இரத்தமும் உறைந்து பொருக்காகின்றன. அதை விரலால் பெயர்த்தால் புண் திறந்துகொள்ளும். மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து உப்புநீரால் கழுவுவதே அதற்கு வழி. மருந்துக் கடையில் இதற்கென உப்புப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. வீட்டில் செய்வதானால், ஏறத்தாழ 250 மில்லி நீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக அயோடின் சேராத உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போதும்.

உப்பின் அளவைவிட நீரின் தூய்மை முக்கியமானது. குழாய் நீரையோ, ஆழ்குழாய் நீரையோ, தொட்டி நீரையோ அப்படியே மூக்கினுள் செலுத்தக்கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா என்னும் அமீபா உயிரி உண்டு. அந்நீரைக் குடித்தால் அதனால் நோய் வருவதில்லை; மூக்கின் வழியே ஏறினால் மூளையைத் தாக்கும். மிக அரிதாகவே வரும் நோய். வந்தால் பிழைப்பவர் மிகச் சிலர். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011ஆம் ஆண்டில், குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இவ்வாறு இறந்தனர். நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 2024, 2025ஆம் ஆண்டுகளில் அமீபாவால் வரும் மூளைக் காய்ச்சலில் பலர் பாதிக்கப்பட்டு, உயிரிழப்புகளும் நேர்ந்தன. எனவே, நீரைத் தளதளவென ஒரு நிமிடமேனும் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, அன்றன்றே பயன்படுத்திவிட வேண்டும். கழுவும் புட்டியையும் அவ்வாறே தூய்மை செய்து உலர்த்த வேண்டும்.

பாகிஸ்தானின் கராச்சி நகரில் 2008ஆம் ஆண்டுக்குப் பின் இந்நோயால் இறந்தோருள் பலர் நீந்தச் சென்றவர்கள் அல்லர். உளூவின்போது நீரை ஆழமாக உறிஞ்சியது காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயுற்றனர். இதைக் கேட்டு எவரும் உளூவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பள்ளியின் ஹவுளையும் மேல்நிலைத் தொட்டியையும் காலந்தவறாமல் கழுவிக் குளோரின் இடுவதில் நாம் அக்கறை காட்ட வேண்டும் என்பதற்காகவே இதனைக் கூறுகிறோம்.

தொழுகை பற்றிய ஐயங்கள்

மகனுக்கு எழுந்த முதல் ஐயமே உளூவைப் பற்றியதுதான். நாங்கள் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டோம். உளூவில் மூக்கிற்கு நீர் செலுத்துவது ஹனஃபி, ஷாஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் சுன்னத்தாகும். தீங்கு நேரும் என மருத்துவர் தடுத்திருக்கும்போது அதை விட்டுவிடுவதால் உளூ கூடாமற்போகாது என்று விளக்கினார்கள். கடமையான குளிப்பில் ஹனஃபி மத்ஹபின்படி அது பர்ளாக இருப்பதால், நோயாளிக்குரிய சலுகையை நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ளச் சொன்னார்கள். இரத்தம் வழிந்தால் உளூ முறியுமா என்பதிலும் இரு மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. அவரவர் தம் ஆலிமிடம் கேட்பதே முறை.

ஸஜ்தாவில் தலை இதயத்தைவிடத் தாழ்கிறது. மூக்கும் தரையில் படுகிறது. புது ரணம் உள்ளவருக்கு அது இரத்தக் கசிவை உண்டாக்கலாம். மருத்துவர் குனிவதைத் தடுத்த நாட்களில் அமர்ந்து, சைகையால் ருகூவும் அதைவிடச் சற்றுத் தாழ்த்தி ஸஜ்தாவும் செய்யும் சலுகை மார்க்கத்தில் உள்ளது. எங்கள் மகன் இளைஞனாக இருந்தும் நாற்காலியில் அமர்ந்து தொழுதபோது, ஒருவர் சிரித்துக்கொண்டே, “இந்த வயதிலா?” என்றார். அவர் தீய எண்ணத்தில் கேட்கவில்லை. ஆயினும், மறுநாள் அவன் நாற்காலியைத் தொடவில்லை. வெளியே தெரியாத காயம் உள்ளவரைக் கேலி செய்வது அவரைத் தீங்கை நோக்கித் தள்ளிவிடும் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

நோன்பு மாதத்தில் சிகிச்சை நேர்ந்தால், மூக்கில் மருந்திடுவதும் நீர் செலுத்துவதும் நோன்பைப் பாதிக்குமா என்பதை முன்பே கேட்டு, தேவையெனில் பின்னர் களாச் செய்துகொள்ளலாம். அவசரமில்லாத சிகிச்சையாயின், நாளையும் மாதத்தையும் மருத்துவரோடு கலந்து தேர்ந்துகொள்வது நல்லது. காற்றும் புழுதியும் மிகுந்த ஆடி மாதத்தைத் தவிர்ப்பதும் நம் பகுதிக்குப் பொருந்தும்.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகள்

தாய்மார்கள் இதனை நினைவில் இருத்துமாறு வேண்டுகிறோம். நிமிர்ந்து அமர்ந்து, தலையை முன்னோக்கிச் சாய்த்துக் கால் மணி நேரம் ஆகியும் இரத்தம் நிற்காமை, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கழுத்து விறைப்புடன் கூடிய கடும் தலைவலி, கண் வீக்கம், பார்வை மங்கல் அல்லது இரட்டையாகத் தெரிதல், குனியும்போது ஒரு நாசியிலிருந்து தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக வடிந்து, உப்புச் சுவையோடு இருத்தல், ஓயாத வாந்தி. இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. கடைசியில் கூறிய தெளிந்த நீர், மூளையைச் சூழ்ந்துள்ள நீரின் கசிவாக இருக்கக்கூடும். சளி என்று எண்ணி விட்டுவிடலாகாது. வீட்டுக்கு அனுப்பும்போதே, இரவில் யாரை அழைப்பது, இரத்தம் வந்தால் மூக்கை வெளியே அழுத்திப் பிடிக்கலாமா என்பவற்றை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவசர ஊர்திக்கு 108 என்ற எண் உள்ளது.

ஓய்வுக்கு வழி

“ஓய்வெடு என்று சொல்வது எளிது, அடுப்பு எரிய வேண்டாமா?” என்று கேட்பீர்கள். நாங்களும் அவ்வாறே கேட்டவர்கள். தொழிலாளர் அரசு ஈட்டுறுதியான இ.எஸ்.ஐ. திட்டத்தில் மாத ஊதிய உச்சவரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் பதிவு பெற்று, உரிய காலத்தில் 78 நாட்களுக்குக் குறையாமல் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை பெற வழி உண்டு. எங்கள் மகனின் ஊதியச் சீட்டில் ஒவ்வொரு மாதமும் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தது. அதை நாங்கள் ஒருநாளும் உற்று நோக்கியதில்லை. சிகிச்சைக்கு முன்பே கேட்டிருந்தால் அந்தத் தொலைபேசிக்கு வேறு விடை சொல்லியிருப்போம். உங்கள் பிள்ளைகளின் ஊதியச் சீட்டை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். பிடித்தம் இல்லாதவர்கள், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தங்கள் சிகிச்சைக்குப் பொருந்துமா என்று மருத்துவமனையிலேயே விசாரிக்கலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரியும், 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியும் நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன.

ஜமாஅத்தாருக்கு நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, நோயாளியைக் காணச் செல்வது நற்செயல். ஆனால் முதல் மூன்று நாட்கள் கூட்டமாகச் செல்லாமல், வீட்டாரைக் கேட்டு, அத்தர் பூசாமல், சில நிமிடங்களில் துஆச் செய்து திரும்புவோம். அவர் பேசவும் சிரிக்கவும் நேரிட்டால் மூக்கு வலிக்கும். இரண்டாவது, இரவில் கார் எடுத்து உதவ இசைவோரின் பட்டியல் ஒன்றைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் வைப்போம். எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இருந்தார்; எல்லா வீட்டுக்கும் அப்படி ஒருவர் அமைவதில்லை. மூன்றாவது, அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டிலிருக்கும் கூலித் தொழிலாளியின் குடும்பத்திற்கு, பைத்துல்மாலிலிருந்து இரண்டு வார அரிசி, மளிகை வழங்க நிர்வாகம் ஆலோசிக்க வேண்டும். பெரிய தொகை தேவையில்லை. அவர் பதினான்காம் நாள் வரை படுத்திருக்க அதுவே துணிவைத் தரும். நான்காவது, கம்பெனியும் தறிக்கூடமும் நடத்தும் நம் சகோதரர்கள், சிகிச்சை முடிந்து திரும்பும் தொழிலாளிக்குச் சில வாரம் பாரமற்ற, தூசி குறைந்த வேலையைக் கொடுத்து, முகக்கவசமும் தர வேண்டும்.

இன்று எங்கள் மகன் நலமாக இருக்கிறான். சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் அதிகாலை, பஜ்ருக்கு எழுப்பச் சென்ற அவன் தாய் வாசலிலேயே நின்றுவிட்டார். அவன் வாய் மூடியிருந்தது, குறட்டை இல்லை, மூக்கால் அமைதியாக மூச்சு விட்டு உறங்கிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடப் பருவத்திலிருந்து அப்படி அவன் உறங்கி நாங்கள் பார்த்ததில்லை. நாம் எண்ணிப் பாராத அருட்கொடைகளுள் மூக்கால் விடும் மூச்சும் ஒன்று என்பதை அன்று உணர்ந்தோம்.

நம் வீடுகளில் நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக.